சம்பந்தி வரும்வரை

இஞ்சாருங்கோ,

இன்று காலை வீடு முழுக்க ஸ்பிரிட் வாசனை. நம் மகளுக்கு இது ஏழாம் மாதம். பிள்ளைத்தாச்சிகளுக்கு வரும் சீனி வருத்தமாம். இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் பஞ்சால் வயிற்றைத் துடைத்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினொரு வருடம் உங்களுக்கு அந்த ஊசியைப் போட்டவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் போட்டேன். அவளுடைய கலியாணம் பேசி முடிந்து, மாப்பிள்ளை வீட்டாரை முதன்முதல் விருந்துக்கு அழைத்திருந்தோம். துறைமுகத்தைப் பார்த்தபடி புதிதாகத் திறந்த ஹோட்டல், மத்தியானச் சாப்பாடு. சம்பந்திக்கு முன்னால் ஊசியும் கையுமாக நிற்கக் கூடாதென்று பன்னிரண்டு மணிக்கு நம் பாலையூற்று வீட்டிலேயே போட்டுவிட்டுப் புறப்பட்டோம். போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். அது நம் இருவருக்கும் மனப்பாடம்.

திரியாயிலிருந்து அவர்கள் ஏறி வந்த வானுக்கு வழியில் சில்லுக் காற்றுப் போய், மாற்றிக்கொண்டு நின்றார்கள். மகள் போனோடு வாசலில் நின்றாள். "இன்னும் பத்து நிமிசமாம்" என்று மூன்று தரம் வந்து சொன்னாள். மூடி வைத்த தட்டங்களிலிருந்து நண்டுக்கறி மணந்தது. நீங்கள் எழுந்துபோய் ரொட்டிக் கூடையிலிருந்து ஒரு பணிஸ் எடுத்து வந்தீர்கள்.

"இஞ்சாரும், இதை மட்டும் தின்னட்டே? ஒரு மாதிரிக் கிடக்கு."

"அவை வாற நேரம் வாய் நிறைய வைச்சுக்கொண்டு இருக்கப் போறியளே? பொம்பிளை வீட்டுக்காரர் முந்திக் கை நனைச்சதெண்டு காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவினம். கொஞ்சம் பொறுங்கோ."

சொன்னதோடு விட்டேனா? உங்கள் கையிலிருந்து பணிஸை வாங்கிக் கை துடைக்கும் துணியால் மூடியும் வைத்தேன். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

ஏசிக் குளிரிலும் உங்கள் நெற்றி வியர்த்தது. கண்ணாடிக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலைக் காட்டி, "அது கிட்ட வருது" என்றீர்கள். அது அசையவே இல்லை. மகள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குச் சீறி விழுந்தீர்கள். அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். சம்பந்தி பிந்திய கோபம் என்று நினைத்தேன். சீனி இறங்கும்போது வருகிற அந்த வியர்வையை எனக்குத் தெரியாதா? ஆனால் என் கண் முழுக்க வாசலில் இருந்தது. மேசைக்குக் கீழே உங்கள் தொடையில் கிள்ளி, "முகத்தைச் சிரிச்ச மாதிரி வைச்சிருங்கோ" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

ஒன்றே முக்காலுக்கு அவர்கள் வந்தார்கள். நீங்கள் எழுந்து கைகூப்பி, "வாங்கோ" என்றீர்கள். அடுத்த சொல் வரவில்லை. கதிரையோடு சரிந்தீர்கள். நான் ஊட்டிய சீனித் தண்ணீர் கடைவாயால் வழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சம்பந்தியம்மா இன்றைக்கும் வருவோர் போவோரிடம் உங்களைப் பற்றிச் சொல்லுவா. "எங்களுக்காகப் பச்சைத் தண்ணியும் குடியாமல் இருந்த மனுசன்." நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

ஊசி போட்டால் சுணங்காமல் சாப்பிட வேண்டும் என்று மகளுக்குக் கிளினிக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இடியப்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, அப்பா அண்டைக்கு ஊசி போட்டுட்டுத்தானே வந்தவர்? பிறகேன் ஒண்டும் தின்னாமல் இருந்தவர்?"

"அப்பான்ர பிடிவாதம் உனக்குத் தெரியாதே? அவை வந்தாப் பிறகுதான் எண்டு இருந்திட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தனான்."

உயிரோடு இருந்தபோது எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுப் பழகிய வாய். இதையும் போட்டுவிட்டது.

அவள் அழுதாள். நான் அழவில்லை. அழுதால் சொல்லிவிடுவேன்.