ஏலம் போன புள்ளிக்கோழி

மகள் பிரசவத்துக்காகக் கம்பாலா போயிருக்கும் என் ராணிக்கு,

திட்டாமல் படி. உன் புள்ளிக்கோழியை நானே ஏலம் விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று தேவாலயத்தில் காணிக்கை வந்த வாழைக்குலை, கோழிகளை ஏலம் விட ஆளில்லை என்றார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான் எழுந்தேன். ஒரு கோழியைத் தூக்கி, "இது முட்டையத் தின்னா கிழவனும் வாலிபனாவான்" என்று அளந்தேன். உன் பரம எதிரி நகிமேரா எடுத்தாள்.

"சொந்தக் கோழியக்கூடவா தெரியல, அண்ணே?" என்றாள். சபையே சிரித்தது. நம் கோழி எப்படித்தான் அங்கே வந்ததோ!

நீ வந்து காலிக் கூட்டைப் பார்த்தால் என் கதி? கெஞ்சினேன். "ஒங்க ரேடியோவக் குடுங்க, தர்றேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். கோழி நம் கூட்டில்; கால்பந்து வர்ணனை அவள் வீட்டில்.

உன் கோழியை மீட்ட வீரன்

பின்குறிப்பு: பாதிரியார் இப்போதுதான் வந்துபோனார். மகளின் சுகப்பிரசவத்துக்காக நீயே கொடுத்துவிட்டுப் போன காணிக்கையாமே அது.