பச்சை வரும்வரை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே அனல் காற்று. மாடியில் காயப்போட்ட அத்தாவின் லுங்கிகள் பறந்து பக்கத்து லாட்ஜ் கூரையில். எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.

வேலைகள்: அத்தாவுக்கு பி.பி. மாத்திரை. ஆபீஸில், கீழ்பென்னாத்தூர் விவசாயிகளுக்குப் போக வேண்டிய கிணற்று மோட்டார் போர்டுகள். பெட்டியில் பட்டன் மாற்ற வேண்டும்.

பெட்டி வைத்து மூன்று வாரமாகிறது. பக்கவாதத்தில் அத்தாவுக்குப் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, நான் வேங்கிக்கால் ஆபீஸுக்குப் போகும் நேரத்துக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கட்டில் கம்பியில் பட்டன், அதற்குள் சின்ன வைஃபை போர்டு. அத்தா இடது கட்டைவிரலால் அழுத்தினால் என் போனில் மணி. நான் பக்கத்து வீட்டு சாந்தி அக்காவுக்கு போன் போட்டால் அவர் போய்ப் பார்ப்பார். சாவி அவரிடம் உண்டு.

இன்று அவரே கூப்பிட்டார். "ஷகி, உங்க அத்தா சும்மா சும்மா அழுத்துறாரு. மாவுக் கையோட ஓடிப் போயி என்னா வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேணாம்னு தலைய ஆட்டுறாரு. ஏதோ ரிப்பேரா பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மணி மூன்று தடவை அடிக்கிறது. ஒரு தடவை அழுத்தினாலே பட்டன் உதறி மூன்றாக அனுப்புகிறது போல. புதுசு போட்டேன். அடுத்தடுத்து வருவதை ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமிலும் இரண்டு வரி சேர்த்தேன். சாயங்காலம் அத்தா அழுத்திப் பார்த்தார். ஒரே மணி. எனக்குத் திருப்தி. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி.

மதியம். ஆபீஸ். ரவா உப்புமா, அதுவும் ஆறிப்போனது. இன்று பெட்டியிலிருந்து ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. பட்டன் மாற்றியது நல்லதாய்ப் போயிற்று. சாந்தி அக்கா இன்று தெருமுனையில் மோர்க் கடை போட்டிருப்பார். அவருக்கும் தொல்லை இல்லை.

இரவு. மேலே எழுதியதை அடிக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும்.

பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்கூட்டரையும் தடுப்பில் விடவில்லை. கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்து வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அத்தா தரையில். நெற்றியில் ரத்தம் காய்ந்து இருந்தது. லுங்கி நனைந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பு உருண்டு கட்டிலுக்கு அடியில். எப்போது விழுந்தார் என்று தெரியவில்லை.

கண் விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதைத் தரையில் வைத்து அழுத்தினார். அழுத்தினார். அழுத்தினார்.

ஜூலை 11, வெள்ளி

ஜி.எச். நெற்றியில் தையல். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நர்ஸ் கேட்ட கேள்வி: "அப்பாவோட வீட்ல யாரும் இல்லீங்களா?"

மத்தியானம் அத்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, பெட்டியைக் கழற்றினேன். கோளாறு எதுவும் இல்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

ரூட்டர் முன் ஹாலில். அத்தா அறை கடைசியில், நடுவில் பழைய காலத்துத் தடிச் சுவர். சிக்னல் எப்போதும் நூலிழைதான். போகும், உடனே வரும். நேற்று லாட்ஜ் நிரம்பி வழிந்தது. அறைக்கு அறை போன், எல்லாம் ஒரே நேரத்தில் வைஃபை தேடிக்கொண்டு. நூலிழையும் போயிற்று. இணைப்பு போனால் கிடைக்கும்வரை தேடு, அதுவரை வேறு எதையும் பார்க்காதே என்று பெட்டிக்கு எழுதியவள் நான். அது அப்படியே தேடிக்கொண்டு இருந்தது. பட்டன் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வரிகள் ஆபீஸில் நான் எழுதிய மோட்டார் போர்டிலிருந்து எடுத்தவை. கிணற்று மோட்டாருக்கு அது சரி. விவசாயி போனிலிருந்து சொல்லாமல் மோட்டார் தானாக ஓடக் கூடாது. சிக்னல் வரும்வரை சும்மா இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. மோட்டாருக்கு எழுதினதை அத்தாவுக்குப் போட்டிருக்கிறேன்.

அத்தா எத்தனை தடவை அழுத்தினாரோ, பெட்டியில் அதற்குப் பதிவே இல்லை.

வைத்து மூன்று வாரம் சோதித்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். சோதித்த நாட்களில் பௌர்ணமி இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆபீஸில் தூசி. மூக்கு அடைப்பு. சாப்பாட்டு நேரத்தில் பெட்டி வேலை.

மாற்றியவை:
– தேடுவது ஒரு பக்கம், பட்டனைக் கவனிப்பது ஒரு பக்கம். ஒன்றுக்காக ஒன்று நிற்காது.
– சிக்னல் இல்லாதபோது அழுத்தினால் நேரத்தோடு சேர்த்துவைத்து, வந்ததும் அனுப்பும்.
– விடாமல் ரூட்டரை நச்சரிக்காது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்கும். ஆனால் கேட்பதை நிறுத்தாது.
– சாந்தி அக்கா வீட்டில் ஒரு மணி. அவர் மாடியில் இன்னொரு ரூட்டர். இனி என் போனை நம்பி எதுவும் இல்லை.

சாயங்காலம் சோதனைக்குப் பெட்டியை வீட்டுத் தகர அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். சிக்னல் செத்தது. திறந்தேன், தானாகப் பிடித்துக்கொண்டது. மூடித் திறந்து, மூடித் திறந்து. சாந்தி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அரிசிக்குப் பூச்சி மருந்தா?" என்றார். அன்றைக்குப் பிறகு முதல் தடவை சிரித்தேன்.

அண்ணன் பெங்களூரிலிருந்து போன். "இங்க ஒரு ஹோம் இருக்கு ஷகி. நர்ஸ், டாக்டர், எல்லாம். நீ வேலைக்குப் போற. அத்தாவ ஒரு பட்டன நம்பி வுட்டுட்டுப் போறது தப்பும்மா."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் சொல்வது சரி என்பதால் மூடிக்கொண்டேன்.

பெட்டியை மறுபடி கம்பியில் கட்டினேன். அத்தா பார்த்தார். இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

லேசான தூறல். பின் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். சாந்தி அக்கா ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்தார். அத்தாவுக்கு ஸ்பூனில் கொடுத்தேன், குடித்தார். பெட்டியை ஐந்து நாளாகத் தொடவில்லை. வேண்டியது எதுவானாலும் நான் வரும்வரை பொறுத்துக்கொள்கிறார். உதடு வெடித்திருக்கிறது. பகலில் தண்ணீரே கேட்பதில்லை.

கோயிலில் மைக் செட் கட்டினார்கள். ஆள் மைக்கை விரலால் தட்டினான். டக் டக். நிறுத்தி, டக்.

கட்டில் கம்பியிலிருந்தும் அதே சத்தம். அத்தாவின் விரல். இரண்டு, இடைவெளி, ஒன்று. கண் ஜன்னல் பக்கம்.

கூழ் தூக்கை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

அத்தா முப்பது வருடம் மைக் செட் போட்டவர். இந்த ஊரில் நிக்காஹ், சந்தனக்கூடு, காதுகுத்து, தேர், கட்சிக் கூட்டம், எதற்கும் அவர்தான். "ஹலோ ஹலோ" சொல்வது அவருக்குப் பிடிக்காது. தட்டித்தான் பார்ப்பார். இரண்டு, இடைவெளி, ஒன்று. தெருக்கோடியில் கடைசி ஹார்ன் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தடியில் ஒருவர் நிற்க வேண்டும். சத்தம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கும்வரை அத்தா யாரையும் மைக்கைத் தொட விடமாட்டார், எம்.எல்.ஏ. ஆனாலும் சரி. பள்ளி லீவில் அந்தக் கம்பத்தடியில் நின்றவள் நான்தான்.

பட்டன் உதறவில்லை. இத்தனை நாளாக லைன் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். யாரும் கை தூக்கவில்லை. நான் அவருடைய மூன்றை ஒன்றாக்கி, நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது. அழுகையாகவும்.

ஜூலை 28, திங்கள்

லீவு போட்டேன். ஓனர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அத்தா பெட்டியிலும் சாந்தி அக்கா வீட்டு மணிப் பெட்டியிலும் இரண்டிரண்டு விளக்கு. இணைப்பு இருந்தால் பச்சை, போனால் சிவப்பு. கூடவே அத்தா பெட்டியில் ஒரு பஸ்ஸர். அத்தா அழுத்தி, நானோ சாந்தி அக்காவோ எங்கள் பக்கத்தில் 'கேட்டது' பட்டனை அழுத்தினால்தான் அவர் பக்கம் அது ஒலிக்கும். தானாக ஒலிக்காது. மனுஷர் கேட்டிருந்தால் மட்டும். மூன்றை ஒன்றாக்கும் வரிகளைத் தூக்கி எறிந்தேன்.

அத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அத்தா, செவப்பு எரிஞ்சா லைன் இல்ல. அப்ப எழுந்திரிக்காதீங்க. தேடிக்கினு இருக்கும், பச்ச வரும். வந்ததும் தட்டுங்க. நான் கை தூக்குவேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெயில். தையல் பிரித்த இடம் ஆறிவிட்டது. நகம் வெட்டிவிட்டேன். கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் கன்றிப்போன நீலம்.

அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறான். சனிக்கிழமை அத்தாவை அந்த ஹோமுக்குக் கூட்டிப்போகக் கார் சொல்லியிருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது தப்பு. அத்தா கேட்டுவிட்டார். கண்ணோரம் வழிந்தது, துடைக்கக் கையை வெளியே எடுக்கவில்லை.

"அத்தாவே அந்தப் பெட்டியத் தொட மாட்டேங்குறாரு, நீயே சொல்ற. அப்புறம் எதுக்கு ஷகி பிடிவாதம்?"

பெட்டி ஒழுங்காக இருக்கிறது. டிரம்மில் போட்டேன், ரூட்டரைப் பிடுங்கினேன், மைக்ரோவேவ் ஓடவிட்டேன். ஒவ்வொரு முறையும் திரும்பிவந்து ஒட்டிக்கொள்கிறது. அழுத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

கோபம் வந்து அத்தாவிடமே கத்திவிட்டேன். "ஒரு தடவ தட்டுங்களேன், என்னா இப்ப?" சாந்தி அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "நீ கத்துனா தட்டுவாராடி? அன்னிக்கு அவ்ளோ நேரம் தட்டுனாரு. யாரு வந்தா?"

ஆகஸ்ட் 8, வெள்ளி. மத்தியானத்திலிருந்து பௌர்ணமி.

லீவு. காலையிலேயே லாட்ஜ் வாசலில் வேன்கள். அண்ணன் வந்துவிட்டான். அத்தாவின் துணிகளைப் பையில் வைத்தான், லாட்ஜ் கூரையிலிருந்து வந்த லுங்கிகள் உட்பட. ஜும்ஆவுக்குப் போய் வந்து பிரியாணி. அத்தா இரண்டு வாய்தான்.

சாயங்காலம் சாந்தி அக்கா மோர்க் கடையில் தனியாகத் திணறினார். தெருமுனைதான், அவர் மாடி ரூட்டர் அங்கேயும் எட்டும். அண்ணன் வீட்டில் இருந்ததால் அவர் வீட்டு மணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உதவப் போனேன். டம்ளர் கழுவிக்கொடுத்தேன். தலையில் முக்காட்டோடு மோர் ஊற்றும் என்னைப் பார்த்து ஒரு அம்மா, "நல்லா இரு தாயி" என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போனார்.

மக்ரிப் பாங்கு. அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவது கூட்டத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. அத்தா தனியாக.

அப்போதுதான் என் கையிலிருந்த பெட்டியில் சிவப்பு.

அத்தா பக்கமும் சிவப்புதான் என்று தெரியும். போன் போட்டேன், போகவில்லை. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். கூட்டம் ஒரே பக்கமாக நகர்ந்தது, நான் குறுக்கே. போலீஸ்காரர் கயிறு பிடித்திருந்தார். "கொஞ்சம் நில்லும்மா, இவங்க போயிடட்டும்." நின்றேன். அந்தத் தரை, அந்தச் சொம்பு, எல்லாம் கண்ணுக்குள். எழுந்திருக்காதீங்க அத்தா. எழுந்திருக்காதீங்க. வாய்விட்டே சொன்னேன் போல, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவப்பு. சிவப்பு. ஒரு முறை பச்சை வந்து போயிற்று. மறுபடி சிவப்பு. தேடுகிறது, நான் எழுதியபடி பொறுத்துப் பொறுத்து. அந்தப் பொறுமையை எழுதியவளையே திட்டினேன்.

பச்சை.

நின்றது. அணையவில்லை.

பிறகு மணி. இரண்டு. இடைவெளி. ஒன்று.

'கேட்டது' பட்டனை அழுத்தினேன். வீட்டுப் பக்கம் திரும்பி வலது கையை முழுசாகத் தூக்கினேன். அத்தாவுக்குத் தெரியாது, தெரிந்தும் தூக்கினேன். சுற்றிலும் எல்லோரும் மலையைப் பார்த்துக் கை தூக்கியிருந்தார்கள், அதனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மறுபடி மணி. இரண்டு, ஒன்று. மறுபடி அழுத்தினேன். கயிற்றைத் தளர்த்தும்வரை அவர் தட்ட, நான் கை தூக்க.

வீடு. என் சாவி. அத்தா கட்டிலில். தண்ணீர்ச் சொம்பு வைத்த இடத்தில். பெட்டியைக் கம்பியிலிருந்து பிடுங்கி நெஞ்சின் மேல் வைத்திருந்தார், கட்டைவிரல் பட்டன் மேல். என்னைப் பார்த்து, மைக் சரியாக இருக்கும்போது தலையை ஒரு தரம் ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார்.

அண்ணன் தொழுதுவிட்டு வந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. "இத ஏன் கழட்டுனாரு? காலைல கார் வந்துரும், பையில வெக்கிறேன்" என்று பெட்டியை எடுக்கப் போனான்.

வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். அத்தா விடவில்லை.