விருந்தாளிப் பேரன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உண்டு உறங்கி, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நலமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் துரையும் அதே போல நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குக் கோபம் முதலில் வந்துவிடுகிறது, சொல்ல வந்தது பின்னால் வருகிறது, அதற்குள் நானே வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. அதனால் பட்டறையில் கிடந்த சோபாக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் உன் அண்ணன் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவான். எழுத்து கோணலாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடியைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், இவள் ஏறுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். வேலைக்குக் குறைவில்லை. ஒரு பல் டாக்டர் தன் வரவேற்பறை நாற்காலிகளுக்கெல்லாம் புது உறை கேட்டார், நீலம்தான் வேண்டும் என்றார், துணியை வெட்டி உன் அம்மா தைக்க உட்கார்ந்த பிறகு பச்சை நன்றாக இருக்குமே என்கிறார். பல்லைப் பிடுங்கி முடித்த பிறகு அது இல்லை பக்கத்துப் பல் என்று நான் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். உன் அண்ணனும் அண்ணியும் வேலை முடிந்து வரும்வரை அவர்களுடைய பெண் வாயாடி பள்ளிக்கூடம் விட்டதும் நம் வீட்டில்தான். அவள் வந்தால் பட்டறையில் ரேடியோ தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். இந்த விடுமுறைக்குத் துரை இங்கே வர மாட்டேன் என்கிறான், நண்பர்களோடு நீச்சல் முகாமுக்குப் போக வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும் என்றாய். அதோடு நான் விட்டிருக்கலாம். ஏன் வர மாட்டான், ஏன் வர மாட்டான் என்று துருவித் துருவிக் கேட்டதால்தான் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னாய். "தாத்தா வீட்ல எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்கம்மா, எனக்கு அங்க என்ன செய்யறதுன்னே தெரியல" என்று சொன்னானாமே. பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பார் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாய். உன் அம்மா அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, வெங்காயம் நறுக்காமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துதான் எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

என்ன குறை வைத்தோம் என்று இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறோம், ஆணி, ஊசி, தூசி எதுவும் பிள்ளைமேல் படக்கூடாது என்று. உன் அம்மாவின் தையல் மிஷினுக்குப் போர்வை போர்த்தி மூலையில் தள்ளிவிடுகிறோம். என் கையாலேயே அவனுக்கு மெத்தை தைத்து வைத்தேன். நான் வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டையோடு உலாவுகிறேன். கடற்கரை, மிருகக்காட்சிசாலை, பூங்கா என்று கார் பிடித்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறோம். அவன் வாயைத் திறப்பதற்குள் "என்ன வேணும் ராஜா, என்ன வேணும்" என்று இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நிற்கிறோம். சாப்பிட உட்கார்ந்தால் அவன் வாய்க்குள் எத்தனை கவளம் போகிறது என்று வீடே பார்க்கிறது. இப்போது எழுதும்போது எனக்கே மூச்சு முட்டுகிறது. அன்றைக்கு இதெல்லாம் பாசமாகத்தான் தெரிந்தது, பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது.

செவ்வாய்க்கிழமை வாயாடி ஆணி டப்பாவைத் தட்டிவிட்டாள். சோபா அடியில், கதவிடுக்கில், என் செருப்புக்குள் என்று எங்கே பார்த்தாலும் ஆணி. ஏற்கெனவே மனசு சரியில்லாதவன், கத்து கத்தென்று கத்தினேன். ஒன்று விடாமல் பொறுக்கு, பொறுக்கி முடிக்காமல் எழுந்தால் பார் என்றேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு காந்தத்தால் எல்லாவற்றையும் பொறுக்கினாள். முடித்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்பிரிங் பிடுங்கிய சோபாவுக்குள் ஏறி உட்கார்ந்து, தின்ன என்ன இருக்கிறது என்று என்னையே அதிகாரம் பண்ணினாள். சிரிப்பு வந்துவிட்டது. தின்னக் கொடுத்துவிட்டு, துரை இந்தத் தடவை வர மாட்டானாம் என்றேன். அவள் தின்பதை நிறுத்தாமலே, "நீங்க அவனத் திட்டவே மாட்டீங்கல்ல, அதான்" என்றாள்.

போன விடுமுறையில் என் ரேடியோவை அவன் திறந்து பார்க்கப் போய்க் கீழே போட்டு உடைத்தானே, அதைச் சொன்னாள். உனக்குத் தெரியும், அந்த ரேடியோ என்றால் எனக்கு உயிர். கோபம் பொங்கியது, இருந்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டு, பரவாயில்லை ராஜா, பழசுதானே என்று சொல்லி, துண்டுகளை வாரிப் பெட்டியில் போட்டு அலமாரிக்குள் தள்ளிவிட்டேன். மறுநாள் குழாயை மூடாமல் வந்ததற்காக இவளை ஒரு பிடி பிடித்தேன். அன்று மாலை இவளிடம் அவன் கேட்டானாம், "நான் அவ்வளவு பெரிய தப்பு செஞ்சேன், தாத்தா ஏன் என்னைத் திட்டல? உன்னத்தான் அவருக்குப் பிடிக்குமா?" என்று.

மகளே, கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை மனசுக்குள் என்னவெல்லாம் போட்டுக் குழப்பிக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறான்! வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிள்ளை, அவன் முகம் வாடிவிடக்கூடாது, வாடினால் அடுத்த வருஷம் வராமல் இருந்துவிடுவானோ என்று பயந்து பயந்து சிரித்தேன். என்னுடைய அந்தப் பயத்தினாலேயே இப்போது வராமல் இருக்கிறான். கோபம் வந்தாலும் சிரிப்பது விருந்தாளியிடம்தானே. என் பேரனை நானே விருந்தாளி ஆக்கி, சாப்பாடு போட்டு, ஊர் சுற்றிக் காட்டி அனுப்பியிருக்கிறேன்.

முகாமுக்கு அனுப்பாதே என்று நான் சொல்லவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், கட்டாயத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டு, அது போதும். வந்தால் பட்டறையைப் பூட்ட மாட்டோம். நான் துணியை இழுத்து ஆணி அடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும், பல் டாக்டர் அதற்குள் நாலு நிறம் மாற்றியிருப்பார். வாயாடி அவனை மேய்ப்பாள், சண்டை வரும், வரட்டும். கார் கிடையாது. சாப்பிட்ட தட்டை அவன்தான் கழுவ வேண்டும். இதை எழுதச் சொன்னது உன் அம்மா, எழுதிய பிறகு பாவம் பிள்ளை என்கிறாள். எழுதியதை அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று நின்றுகொண்டே தின்னாதே. நான் கத்தியதை மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன், சொல்லியிருந்தால் கத்தியது வேறு ஏதோ விஷயத்துக்கு என்று சமாளி. உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீங்கள் நன்றாக இருங்கள். அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே.

கடைசியாக இருப்பது துரைக்கு. இதை மட்டும் சத்தமாக வாசி, குரலைக் குழைக்காமல் நான் கத்துகிற மாதிரியே வாசி.

டேய், அந்த ரேடியோவ ஒடச்சது நீதான். யாரக் கேட்டுடா அதத் தொட்ட? கேட்டுட்டுத் தொட்டா வாய் தேஞ்சா போயிடும்? எனக்கு இன்னும் கோபம் தீரல. இது பாதித் திட்டுதான். மீதிய நேர்ல வந்து வாங்கிக்கோ.

உன் அப்பா,
அவன் தாத்தா