ஞாயிற்றுக்கிழமை நிற்கும் இருமல்

இன்று காலை கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. இந்த வாடை வந்தால் நீ வந்துவிடுகிறாய். வழக்கமாக உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்று திட்ட வாய் வரவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நீ குடியேறிய வருடம் அது. ஒரகடத்து க்ரீம் கம்பெனியில் நாம் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு பேக்கிங், உனக்கு மிக்ஸிங். க்ரீம் நீர்த்துப்போகாமல் குழைவாக நிற்பதற்குக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினைத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். சுழலும் தண்ணீரில் அதைத் தூவுவதுதான் உன் வேலை. மளமளவென்று கொட்டினால் கட்டி தட்டிவிடும். இடியாப்பத்துக்குச் சர்க்கரை தூவுகிற மாதிரி நீ தூவுவாய். தூள் புகையாய்க் கிளம்பி உன் இமையெல்லாம் வெளுத்துக் கிடக்கும்.

வாயில் நுழையாத பெயருள்ள டப்பாக்களைத் திறக்கும்போது மாஸ்க்கை ஒழுங்காகக் கட்டுவாய். இந்தக் கொத்தவரைத் தூள் மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடுவாய். கேட்டால், "கெமிக்கலுக்குத்தாம்ட்டி பயப்படணும். இது பொரியல் வச்சுத் திங்குத சாமான். என்ன செஞ்சிரப் போவுது?" என்பாய். லைனில் எல்லாருக்கும் அதே நினைப்புதான். பச்சை இலை படம் போட்ட லேபிளை நான்தானே தினமும் ஒட்டினேன்.

சில மாதத்தில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது உன் மூச்சில் விசில் சத்தம் கேட்கும். "இன்னாடி இது, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி எதுனா கீதா?" என்று கேட்டேன். "லாரித் தூசிட்டி. உங்க ஊரு ரோடு அப்படி" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் வரும்வரை உன் மூச்சையே கேட்டுக்கொண்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பினால், நீ பாட்டுப் பாடிக்கொண்டே துணி துவைத்துக்கொண்டிருப்பாய். இருமல் இருந்த இடம் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதும் அப்படித்தான். படப்பை டாக்டரிடம் இதை நான் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "லீவுல நின்னுபோற இருமல் சளி இல்லம்மா. அந்தத் தூள் உனக்கு ஒத்துக்கல. இனிமே அது பக்கமே போவாத" என்றார்.

நீ இருமலுக்கா பயந்தாய்? பர்மனென்ட் ஆகிற நேரமாயிற்றே! "இழுப்புக்காரின்னு தெரிஞ்சா அனுப்பிருவாவ. தங்கச்சி படிப்பு நின்னுரும்ட்டி" என்று அழுதாய். நான் விடவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. பேக்கிங்கில் என் பக்கத்திலேயே போட்டார்கள். கோள்மூட்டி என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து சத்தமே இல்லாமல் தூங்கினாய். அப்பாடா என்றிருந்தது.

அந்த வருடம் பிசின் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. உன் இடத்துக்கு வந்த பையன் தூவியதெல்லாம் கட்டி தட்டி வீணாய்ப் போனது. ஒரு மதியம் சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஒரே ஒரு பேட்ச் போட்டுக் குடும்மா, அப்புறம் கேக்கவே மாட்டேன்."

எனக்குப் பகீரென்றது. "போவாதடி, டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று உன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாய். கூப்பிட்டுவிட்டார்கள் என்று உன் முகத்தில் எவ்வளவு பெருமை! "பயந்தாங்கொள்ளி. ஒரு மூட்டைதானட்டி. திங்குத சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

டீ நேரத்துக்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பெனி வண்டியில் உன் தலை என் மடியில் இருந்தது. தண்டலம் ஆஸ்பத்திரி வருவதற்குள் அந்த விசில் சத்தம் நின்றது. இழுப்பு விட்டுவிட்டது என்று நினைத்தேனடி, பைத்தியக்காரி நான்.

இப்போது மிக்ஸிங்குக்கு நான்தான் லைன் லீடர். மூட்டை பிரிக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் குழாய் வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஒவ்வொரு மாஸ்க்கையும் இழுத்துப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. எனக்கு 'இருமல் போலீஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

புதிதாக விளாத்திகுளத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். "சாப்புடுற சாமான்தானக்கா" என்று அவளும் சொன்னாள். இந்த வாரம் முழுக்க இருமினாள். "சும்மா சளிக்கா" என்கிறாள். நேற்று அவளை பேக்கிங்குக்கு மாற்றினேன். உன்னைப்போலவே முறைத்துக்கொண்டு போனாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் அவள் இருமல் நிற்கிறதா என்று பார்க்க, சர்ச் முடிந்ததும் நேராக அவள் ரூமுக்குப் போகப்போகிறேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அவருக்குக் குணமாகியிருக்க வேண்டும் என்றுதான் ஜெபம் பண்ணுவார்கள். நான் மட்டும், ஆண்டவரே, அவள் இன்னும் இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணப்போகிறேன்.