பீக்கிங் போய்ச் சேர்ந்த கந்தளாய் பஸ்

இன்று விடிய முதலே மழை, ஐசே. அன்புவழிபுரத்தில் ஏறிய சனம் ஈரக் குடைகளோடு நெருக்கியடிக்க, பஸ் கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து வெளுத்துவிட்டன. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. என் விரல் தானாகப் போய்க் கண்ணாடியில் ஒரு சேவலைக் கீறியது. கொண்டை, பருத்த வயிறு, தூக்கிய வால். கீறி முடித்த பிறகுதான் அது நீர் சேவல் உருவில் கீறுகிற சீனா வரைபடம் என்று விளங்கியது. நீர் கண்ணை மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது.

நீர் முதன்முதல் அதைக் கீறிய அன்றும் இப்படித்தான் மழை. இருவரும் கந்தளாயில் ஒரே கந்தோரில் வேலை; திருகோணமலையிலிருந்து காலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீற். நீர் பென்சன் எடுக்க ஒரு வருஷம் இருந்தது. நான் கொட்டாவி விட்டபடி, "ஏதாவது கதையுமன்" என்றேன். நீர் கண்ணாடியில் சேவலைக் கீறி, அதன் நெஞ்சில் ஒரு புள்ளி வைத்தீர்.

"இது ஷங்காய். பொதுவுடைமைக் கட்சி தொடங்கப் பதின்மூன்று பேர் ஒரு வீட்டில களவாய்க் கூடினவை. பொலிசுக்கு மணந்திட்டுது. மிச்சக் கூட்டத்தை ஒரு ஏரியில, படகுக்குள்ள இருந்து முடிச்சவை. இருபத்தெட்டு வருஷத்தில அந்த நாடு முழுக்க அவையின்ர கையில."

"பதின்மூன்று பேரோ? எங்கட கோயில் சபையில அதைவிடக் கூட ஆக்கள். அவையால ஒரு தேர்வடம் வாங்க ஏலாமல் கிடக்கு!"

"அதுதானே ஐசே கதை," என்றீர்.

அப்படித் தொடங்கியது. நகரத்தில் அவர்களைக் கூட்டாளிகளே வெட்டிச் சாய்த்தது, மிஞ்சியவர்கள் மலைக்கு ஓடி வயல் உழும் கமக்காரரோடு ஒட்டிக்கொண்டது, எதிரி வளைத்ததும் ஒரு வருஷம் நடந்தே தப்பியது என்று ஒவ்வொரு நாளும் ஒரு துண்டு. கந்தளாய் வரை உள்ள வழி சீனாவாகிவிட்டது. தம்பலகாமத்து வயல் வெள்ளம் நெடும் பயணத்துச் சதுப்பு நிலம். முள்ளிப்பொத்தானை வெயிலில் நீர் பனிமலை ஏற, எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது.

முன் சீற்றில் கிண்ணியா புடவை வியாபாரி ஒருவர் இருப்பார். சதுப்பு நிலத்தில் சாப்பாடில்லாமல் தோல் பெல்ட்டை அவித்துத் தின்றார்கள் என்று நீர் சொன்னதும் துள்ளித் திரும்பினார். "பெல்ட்டையா திண்டாங்க? யா அல்லாஹ்! உப்புப் போட்டாங்களா சேர்?" அதற்குப் பிறகு அவர் முன்பக்கம் பார்த்து இருந்ததே இல்லை. கண்டக்டர் ரிக்கற் கிழித்தபடி நம் பக்கத்திலேயே நின்றுவிடுவான். சாரதி ஐயா மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். கந்தளாய்ச் சிங்கள மனிதர், தமிழ் தெரியாது, பாவம் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

எனக்கு அதில் பிடித்தது கதவுக் கதைதான். அந்தப் படைக்காரர் கிராமத்து வீடுகளில் இரவல் வாங்கிய கதவுப் பலகையில் படுப்பார்கள். விடிய எழும்பினால் கதவைக் கழற்றிய இடத்திலேயே மாட்டிப் பூட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அது கட்டளை. "கதவைத் திருப்பிப் பூட்டினவனை நம்பிச் சனம் நெல்லுக் குடுத்தது, பிள்ளையைக் குடுத்தது," என்பீர்.

நான் விடுவேனா? எதிரி அரசு ஊழலில் புழுத்தது, பணம் கடதாசியாகி வண்டில் நிறையக் கொண்டுபோனாலும் அரிசி வாங்க ஏலாமல் போனது, யப்பான்காரன் வந்து எல்லாவற்றையும் உடைத்தது. அதனால்தான் இவர்கள் வென்றார்கள், கதவாலும் இல்லை கத்தரிக்காயாலும் இல்லை என்று நாள்தோறும் குறுக்கே விழுந்தேன். நீர் மறுப்பீர். நான் மறுப்பதை மறுப்பேன். பஸ் இரண்டு கட்சியாகும். அதற்குள் கந்தளாய் வந்துவிடும்.

கடைசியில் உமது வேலையில் ஒரேயொரு நாள்தான் மிச்சம். கதையோ, அது முடிய வேண்டிய பீக்கிங்குக்கு எவ்வளவோ தூரத்தில் நின்றது. அன்றுதான் நீர் என்னோடு மெய்யாகவே கோபித்தீர்.

"இவ்வளவு சனத்தின்ர காலைப்பொழுதை ஒரு வருஷம் இரவல் வாங்கிப்போட்டன். கதையை முடிக்காமல் இறங்கினால் நான் கதவைப் பூட்டாமல் போனவன். நாளைக்கு நீர் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்."

பண்ணினேன். மறுநாள் வாய்க்குள் இரண்டு தோடம்பழ இனிப்பைப் போட்டுக்கொண்டு குந்தினேன். பஸ் முழுக்க உம்முடைய வாயையும் என்னுடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தது. நீர் பறந்தீர் ஐசே! கடைசிப் பெரிய சண்டை. இலட்சக்கணக்கான கமக்காரர் ஒற்றைச் சில்லு வண்டில்களில் நெல்லும் குண்டும் தள்ளிக்கொண்டு படைக்குப் பின்னால் போகிறார்கள். "அந்த வெற்றி தள்ளுவண்டிலில வந்த வெற்றி," என்றீர்.

"கடதாசிக் காசையும் சொல்லுமன்!" என்று கத்திவிட்டேன். இனிப்பு ஒன்று வியாபாரியின் தோளில் போய் விழுந்தது.

அதோடு போச்சு. கண்டக்டர் என்னை ஏச, வியாபாரி உமக்காக ஏச, பின்சீற் எனக்காக ஏச, எல்லாம் அடங்கும்போது கந்தளாய் பஸ் நிலையம் வந்துவிட்டது. நீர் பையை எடுத்தீர். உமது முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒரு வருஷக் கதையை என் நாக்கு தின்றுவிட்டது.

கதவு திறக்கவில்லை. சாரதி ஐயா எஞ்சினை நிறுத்தினார். ஒரு வருஷத்தில் முதல்முறையாகத் திரும்பினார்.

"மாத்தயா, பீக்கிங் இன்னும் வரேல்லத்தானே? எப்பிடி இறங்குறது?"

எல்லோரும் வாயைப் பிளந்தோம். சின்ன வயதில் துறைமுகத்தில் தமிழ் ஆட்களோடு மூட்டை தூக்கினாராம். பனிமலைக் கதையன்று பஸ் ஒரு தரிப்பைத் தாண்டி ஓடியதும், கதை கேட்டு அவர் பிரேக் போட மறந்ததால்தானாம்! ஒருவரும் எழும்பவில்லை. நீர் பையைக் கீழே வைத்தீர். பீக்கிங் நகரத்துக் கதவு வெடிச் சத்தமில்லாமல் திறந்தது. படகுகள் பெரிய ஆற்றைக் கடந்தன. ஒக்டோபர் முதலாம் திகதி கோட்டை வாசலில் ஏறி நின்று, புதிய அரசு பிறந்துவிட்டது என்று சொன்னார்கள். "பிறகு நடந்ததில, சனம் பட்டினியில செத்ததில எனக்கும் அவையோட சண்டை இருக்கு. அது ஆண்ட கதை. இது ஆட்சிக்கு வந்த கதை. முடிஞ்சுது," என்றீர்.

அப்போதுதான் கதவு திறந்தது. என்ன கைதட்டு! கந்தோருக்கு முக்கால் மணித்தியாலம் பிந்திப் போனோம். கையெழுத்துப் புத்தகத்தில் காரணம் எழுதும் இடத்தில் நீர் "சீனா" என்று எழுதினீர்.

இப்போது எனக்கும் மூன்று மாதத்தில் பென்சன். சேவலைப் பார்த்துவிட்டு, இன்று பக்கத்தில் இருந்த தாதிப் பிள்ளை, "அதென்ன ஐயா, கோழியோ?" என்று கேட்டாள். கந்தளாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். சீனா என்றேன். நெஞ்சில் புள்ளி வைத்தேன். பதின்மூன்று பேர், ஒரு படகு என்று தொடங்கினேன். உமது தள்ளுவண்டிலை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நீர் போன பிறகு உமது பக்கத்தையும் நானே கதைக்க வேண்டிக்கிடக்கிறது. குறுக்கே பேச ஆளில்லாதபடியால் மூன்று மாதம் தாராளம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எனக்குக் கவலையாகவும் இருந்தது.

"சும்மா போங்கோ ஐயா," என்றாள் அவள். "பதின்மூன்று பேரால என்ன செய்ய ஏலும்? நான் நம்பமாட்டன்."

நான் சந்தோஷத்தில் அவள் பக்கம் நன்றாய்த் திரும்பிக் குந்தினேன். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பென்சனுக்கு முன்னம் பீக்கிங் போய்ச் சேரமாட்டேன், ஐசே.