அரிசி டூட்டி

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
9-7-1970

அன்பு மகள் ருக்மணிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மழைதான் பத்து நாளாக விடவில்லை, அங்கே டில்லியில் நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், எழுதினால் மட்டும் போதாது, அப்படியே இருக்கவும் வேண்டும். உன் கடிதமும் அதோடு நீ வைத்த இங்கிலீஷ் தாள் மூன்றும் போன கப்பலில் வந்து சேர்ந்தன. உறையின் வாய் ஒரு பக்கம் பிரிந்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. தபால்காரரைக் கேட்டேன், கப்பலில் ஈரம் என்றார். ஈரம் ஒரு பக்கத்தில் மட்டுமா படும் என்று கேட்டேன், அவர் அடுத்த வீட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி உறையை ஒட்டியபின் வாயின் மேல் குறுக்காக உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. டெய்ரி ஃபார்ம் காண்டிராக்டர் திருநாவுக்கரசு உனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார், பையன் மெயின்லேண்டில் பெரிய வேலை என்கிறார், என்ன வேலை என்று மூன்று தரம் கேட்டும் பெரிய வேலை என்றுதான் வருகிறது. நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். நாடுகள் எல்லாம் அரிசி மேல் போட்டிருக்கும் டூட்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உன் ஆபீசில் ஒரு புரொபசரின் கீழ் மாடல் போட்டுப் பார்க்கிறீர்கள், அந்த வேலையில் நீயும் இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். மறுநாள் குழாயடியில் அவள், எங்க ருக்கு டில்லியில அரிசி டூட்டியை எடுக்கிற ஆபீசுல இருக்கா என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. இந்த ஊரில் டூட்டி என்றால் வேலை, வேறு அர்த்தம் கிடையாது. அரிசிக் கப்பல் வந்தால் என் கேங்கில் நாற்பது பேருக்கும் சேர்ந்தாற்போல் ஏழெட்டு நாள் மூட்டை இறக்கும் வேலை, அதற்குத்தான் இங்கே அரிசி டூட்டி என்று பெயர். அந்த டூட்டியை மேஸ்திரியின் மகள் டில்லியில் உட்கார்ந்துகொண்டு எடுக்கப்போகிறாள் என்று சேதி கிளம்பி, ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்தியில் மாறி, தெலுங்கில் மாறி, வங்காளத்தில் மாறி, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து என்று தேதியும் சேர்ந்துகொண்டது.

எனக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை அரிசிக் கப்பல், ஜெட்டிக்குப் போனால் ஒருவனும் மூட்டையைத் தொடவில்லை. ஷெட்டின் கீழ் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேங்கில் மூத்தவர் அப்பல்சாமி, ஸ்ரீகாகுளத்துக்காரர், எழுந்து வந்து, மேஸ்திரி, சாவல் கா டூட்டி பந்த்? சச் போலோ என்று கேட்டார். அரிசி வேலை நிற்குமா, உண்மையைச் சொல் என்கிறார். வானம் கறுத்துக் கிடந்தது, மழையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம் பந்த்தான், எல்லாம் மேலே இருப்பவன் கையில் என்று நான் இந்தியில் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான். அன்று மத்தியானமே, டில்லி மகளை வைத்து அரிசி டூட்டியை நிறுத்துகிறார், வேறு மேஸ்திரி வேண்டும் என்று ஒரு மனு தயாராகிவிட்டது, நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் கைநாட்டு. ஆறு வருஷமாக ஒரே தட்டில் சோறு பங்கு போட்டவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பீடி பிடித்தார்கள். மனசு விட்டுப்போயிற்று ருக்கு, உன்னிடம் மறைப்பானேன்.

எனக்கு முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு ஜம்புலிங்கத்தின் மேல். துறைமுக ஆபீஸ் கிளார்க், இங்கிலீஷ் தெரிந்தவன், உறையைப் பிரித்தவன் இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. மனு எழுதிக் குடுத்தது நான்தாண்ணே, நாலு பேர் வந்து கேட்டா எழுதித்தானே ஆகணும், ஆனா சேதி உங்க வீட்டுக் குழாயடியிலேருந்து வந்தது என்றான். பிறகு அவன்தான் சொன்னான், அந்த டூட்டி வேலை இல்லை, ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குள் நுழையும்போது வாங்கும் சுங்க வரி என்று. இதை நீ முதலிலேயே தமிழில் வரி என்று எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கேடு வந்திருக்காது. டில்லிக்குப் போனதும் சுங்கம் டூட்டி ஆகிவிட்டது, கணக்கு மாடல் ஆகிவிட்டது.

மறுநாள் ஜெட்டியில் எல்லாரையும் நிறுத்தி, நம்ம டூட்டி இல்லை, சர்க்கார் வாங்குகிற டூட்டி என்று விளக்கினேன். முதலில் நம்பவில்லை, உன் அம்மாவின் தலைமேல் சத்தியம் செய்த பிறகு ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மனுவைக் கிழித்துக் கடலில் போட்டார்கள். ஆனால் அப்பல்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வரியை எடுத்தால் அரிசி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும், நம் ஜெட்டியில் ஆள் எண்ணிக்கை குறையுமா என்று கேட்டார். அவரை விட விவரமாக உன் புரொபசர் கேட்டிருக்க மாட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் மகள் நம்ம ஆள், நம்ம வயிற்றில் அடிக்கிற கணக்கை அவள் போடமாட்டாள் என்று எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்தேன். அவர் தன் பீடியைப் பாதி பிடித்துவிட்டு மீதியை எனக்குத் தந்தார்.

இந்த அப்பா எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிறார் என்று நீ சிரிப்பாய். சூடு கண்ட பூனை நான். நாம் ரங்கூனில் இருந்த காலத்தில், அரிசி வியாபாரத்தை சர்க்காரே எடுத்துக்கொள்ளும் என்று பேப்பரில் வந்தபோது, அது முதலாளிகள் கவலை, மூட்டை தூக்குகிறவனுக்கு என்ன, யார் அரிசியானாலும் முதுகு ஒன்றுதான் என்று நான்தான் வீட்டில் சொன்னேன். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஒரு வருஷத்துக்குள் ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பல் ஏறினோம். எங்கேயோ ஒரு அறையில் நல்லவர்கள் நான்கு பேர் நல்லதை நினைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்குப் போடும் மிஷினில் ஓட்டை போட்ட அட்டையை விட்டால் விடை வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த அட்டையில் ஓட்டை போட்டது யார், எதை நம்பிப் போட்டார்கள் என்று யாராவது பார்க்கிறார்களா?

வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று அன்று சாயங்காலமே உன் மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு ஜம்புலிங்கத்திடம் போனேன், வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன். பாங்காக், ரங்கூன், கல்கத்தா, மெட்ராஸ் என்று கட்டம் கட்டமாக இருந்தது, விலை இங்கே இறங்கும் அங்கே ஏறும் என்று படித்தான், எனக்குப் பாதி புரிந்தது. கடைசித் தாளில் சின்னத் துறைமுகங்களில் ஏற்றி இறக்கும் செலவு என்று ஒரு கட்டம். போர்ட் பிளேர், ஆள் ஒன்றுக்கு மணிக்கு இருபது மூட்டை. கீழே பொடி எழுத்தில், துறைமுக மேஸ்திரி ஒருவர் கடிதத்தில் தந்த தகவல் என்று படித்துவிட்டு ஜம்புலிங்கம் என்னை நிமிர்ந்து பார்த்தான். அண்ணே, இந்தக் கணக்குப்படி உங்க நாற்பது பேர் வேலையை இருபத்திரண்டு பேர் செஞ்சிடலாம்ணே என்றான்.

போன தை மாதம் ஒரு ஆள் மணிக்கு எத்தனை மூட்டை இறக்குவார் அப்பா என்று நீ கேட்டிருந்தாய். பிறந்ததிலிருந்து என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி அது. சந்தோஷத்தில் இருபது என்று எழுதிவிட்டேன். ரங்கூனில் இருபத்தைந்து வயதில் ஒருநாள் பந்தயத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் இருபது இறக்கினேன், பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. இங்கே வழுக்கும் பலகையில் நல்ல ஆள் பதினொன்று இறக்குவான், மழை என்றால் ஒன்பது. நான் இறக்குவது ஒன்றும் இல்லை, வலது தோள் போய் ஒரு வருஷம் ஆகிறது, உனக்கு எழுத வேண்டாம் என்று உன் அம்மாவை நான்தான் தடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே என் ஒருவன் வாயால் பதினெட்டு வீட்டு அடுப்பு அணையப் பார்த்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், தபால்காரரை, ஜம்புலிங்கத்தை, உன் புரொபசரை, ஒரு நிமிஷம் உன்னையும்தான், அப்பாவை மன்னித்துக்கொள். ஜம்புலிங்கம் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றிருக்கிறான், அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மழை நாளையும் சேர்த்துப் பத்து என்று போடு, உன் புரொபசர் ஏன் என்று கேட்டால் முன்பு எழுதியது பொய், இது உண்மை என்று என் பெயரைச் சொல்லியே சொல், வெட்கப்படாதே, வெட்கம் என்னுடையது. முருகன் துணையால் நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருந்து நல்ல பெயர் எடுக்க வேண்டும், அம்மா உனக்குத் தன் ஆசியையும் சொல்லச் சொன்னாள், கம்பளியைப் பூச்சி அரிக்காமல் வெயிலில் காயவைக்கச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே தாயே. இனி யார் எந்த எண்ணைத் தந்தாலும், அப்பாவே எழுதியிருந்தாலும், இன்னொருவரைக் கேட்டுவிட்டு எழுதிக்கொள்.

பத்து என்று போட்டாயா என்ற உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
உன் அப்பா
வெ. கோவிந்தராஜ்