உப்பளத்தில் கேட்ட பெயர்

அக்கா,

இன்று பரணிலிருந்து பழைய துணி மூட்டையை இறக்கினேன். பாப்பாவின் கீச்சுச் செருப்பு ஒன்று அதிலிருந்து தரையில் விழுந்தது. நீங்கள் சந்தையில் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, சிவப்புச் செருப்பு. அடி வைக்க வைக்கக் கீச்சுக் கீச்சென்று கத்துமே, அதுதான். அமுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அடியில் இருந்த துளைக்குள் உப்பு ஏறிக் கல்லாகியிருந்தது. விரலை நாக்கில் வைத்தேன், இன்னும் கரித்தது.

நீங்கள் போனபின் வந்த மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. உங்களிடம் நேரில் பேசும்போதே எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். “ஏ காலேஜு, வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்பீர்கள். எழுதினால்தான் எனக்கு வரும். அதனால் எழுதுகிறேன்.

கடல் உள்ளே வந்துவிட்டுப் போன மறு வருஷம் நாங்கள் மரக்காணத்துக்குக் குடிவந்தோம். சேறு மூடிய உப்பளங்களைத் திரும்ப வெட்டிச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே மேஸ்திரி வேலை கிடைத்தது. நான் பிரம்மதேசத்தில் வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள். என்ன படித்திருந்தும் இந்த வெள்ளை வெளியைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரு மரம் கிடையாது. உச்சி வெயிலில் எல்லாம் நடுங்குவது போலத் தெரியும். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள், தூரத்திலிருந்து பார்த்தால், முக்காடு போட்டுக் குந்தியிருக்கும் பெண்கள் மாதிரி இருக்கும். எல்லோரும் நம் வீட்டைப் பார்த்தே குந்தியிருப்பதாகத் தோன்றும். இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை.

வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வாசல் உங்களுடையது. நடுவில் ஒரே சுவர். விடியும் முன்பே உப்பு வாரப் போய், வெயில் ஏறும்போது திரும்பி வருவீர்கள். காலில் வெடிப்பு, அதில் உப்பு. அதைக் கழுவிவிட்டு நேராகப் பாப்பாவைத்தான் கேட்பீர்கள். நான் அஞ்சல் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மதியம் முழுக்க அவள் உங்கள் வீட்டில்தான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்காவது கிளம்பிவிடுவோம். வண்டியில் டேங்க் மேல் பாப்பா, பின்னால் நான். நீங்கள் தூக்குவாளியில் புளிசாதத்தோடு பஸ் ஏறி வந்து சேர்வீர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படிச் சும்மா ஊர் சுற்றப் போய்ப் பழக்கமில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். பாப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் கையை விட்டால் போதும், ஓட்டம்தான். பிடிக்கப் போனால் இன்னும் வேகமாக ஓடுவாள். யார் துரத்தினாலும் அவளுக்கு அது விளையாட்டு. ஐஸ் வாங்கும்போது நீங்கள் எப்போதும் ஒன்று அதிகமாக வாங்கச் சொல்வீர்கள். அந்த ஒன்றை மணலில் நட்டுவைத்துவிட்டு, உருகி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை யாருக்கு என்று கேட்டார். “மண்ணுக்குத்தான், வேற யாருக்கு” என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பாப்பாவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அவள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோன என் மாமியாரின் பெயரைத்தான் வைத்தார்கள். அஞ்சலாட்சி. தொட்டிலில் போட்ட அன்று மாமனார் அதை அவள் காதில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாருமே சொல்லவில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. பெற்றவளின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட என் வீட்டுக்காரருக்கும் மனம் வரவில்லை. அவர் அவளை “அம்மா” என்பார், நான் “பாப்பா” என்பேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், இதோ எழுதியிருக்கிறேன். சொல்லத்தான் முடியாது. மூன்று வயது நெருங்கியும் என் குழந்தைக்குத் தன் பெயர் தெரியாது. எந்தத் தெருவிலும் எல்லாப் பெண் குழந்தையும் பாப்பாதானே.

மாசியில் ஒரு மதியம் அது தொடங்கியது. அன்று உப்பு லோடு ஏற்றும் வேலை, நீங்கள் இன்னும் திரும்பவில்லை. பாப்பா நடுவீட்டில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, “ஆங், வர்றேன்” என்று எழுந்து, செருப்பு கீச்சிட வாசலுக்குப் போனாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். உங்கள் கதவு பூட்டியிருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. அவள் உப்பளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் நடந்தது, பிறகு அடிக்கடி நடந்தது. சோறு ஊட்டும்போது நிறுத்துவாள், தலையைச் சாய்ப்பாள், “ஆங்” என்பாள். அவரிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் என்றார். நீங்கள் அப்போது பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். முறம் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி ஆடியது.

பங்குனியில் அவள் பிறந்த நட்சத்திரத்துக்கு இரும்பைக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டோடு சன்னிதியில் நிற்கும்போது, தேங்காயை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று அவர் வெளியே ஓடினார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, குழந்தை பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நட்சத்திரத்தைச் சொன்னேன். பெயர், பெயர் என்று அவர் கையை ஆட்டினார். பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து நீங்கள் சொன்னீர்கள்.

“ராஜி.”

குருக்கள் திரும்பி உள்ளே போய்விட்டார். மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயரும் சேர்ந்து ஒலித்தது. என் இடுப்பில் இருந்த பாப்பா நிமிர்ந்து, “ஆங்” என்றாள்.

மறுநாள் குழாயடியில், கடைசி வீட்டு அம்மாதான் ராஜி யார் என்று சொன்னாள். உங்கள் பெண். பாப்பா வயதுதான். நீங்கள் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இன்ஜின் தண்ணீர் இழுக்கும் குழிக்குள் விழுந்துவிட்டாள். எடுக்கும்போது உயிர் இல்லை. “அது இன்னா பொண்ணோ, அவங்கம்மா கூப்ட்டா மட்டுந்தான் திரும்பும். மத்தவங்க தொண்ட கிழிய கத்துனாலும் போய்க்கினே இருக்கும்” என்றாள் அந்த அம்மா.

அன்றிலிருந்து மதியங்களில் கதவைச் சாத்திவைத்தேன். என் பிள்ளை மேல் இன்னொரு பிள்ளையின் பெயர் ஏறிவிட்டது, பெயரோடு வேறென்ன ஏறும் என்பதுதான் என் பயம். நீங்கள் கதவைத் தட்டவில்லை. பாப்பா நடுச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. இருந்தும் சிரிப்பாள். நான் அடுப்படியில் நின்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பழகினேன். முதல் எழுத்துக்கு மேல் நாக்கு எழவில்லை.

கடைசியில் ஒருநாள் வாசலில் உங்களை நிறுத்தி, “அவளுக்கு வேற பேரு இருக்குதுக்கா” என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. “இருக்குதில்ல? அப்ப கூப்புடு. நீ கூப்ட்டு அவ திரும்புனா நான் வுட்டுடறேன்” என்றீர்கள். பாப்பா நம் இருவருக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டீர்கள்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது. பெண்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்திருப்பார். சித்திரையில் ஒரு ஞாயிறு, உப்பளத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் ரோஸ் நிறக் கொக்குகள் இறங்கியிருக்கின்றன, பாப்பாவுக்குக் காட்டலாம் என்றார். வழக்கம்போல உங்களையும் கூப்பிட்டார். வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். தூக்குவாளியோடு வந்து நின்றீர்கள்.

கொக்குகளைப் பார்த்து முடித்தோம். கொட்டகை நிழலில் பாயை விரித்தேன். அவர் காவல்காரரைப் பார்க்க இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த பக்கம் போனார். நான் தட்டு எடுத்து வைப்பதற்குள் கீச்சுச் சத்தம் தூரமாகிவிட்டிருந்தது. நிமிர்ந்தேன். பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பில் அவள் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் சிவப்புக் கவுன். வரப்பு முடியும் இடத்தில் அந்தக் குழி.

எழுந்து ஓடப்போனேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். “ஓடாத. தொரத்துனா ஓடுவா.”

அது உண்மை. “பாப்பா” என்று கத்தினேன். தூரத்துப் பாத்தியில் தாயோடு வந்திருந்த வேறொரு குழந்தை திரும்பியது. அவள் திரும்பவில்லை. கீச்சுக் கீச்சு. அப்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. “அஞ்சலாட்சீ!” வாழ்க்கையில் முதன்முறையாக, முழுத்தொண்டையில். வேலையிலிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். என் குழந்தை மட்டும் நடையைக்கூடத் தளர்த்தவில்லை. அது யாருடைய பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம்தான் கேட்டது. “ராஜீ…” இழுத்து, அதட்டல் இல்லாமல், சாப்பிடக் கூப்பிடுவது போல.

குழியின் விளிம்பில் அவள் நின்றாள். தலையைச் சாய்த்தாள். “ஆங், வர்றேன்” என்று திரும்பி, வந்த வழியே நடந்து வந்தாள். பாதி வழியில் ஒரு செருப்பு உப்புத் தண்ணீரில் கழன்று விழுந்தது. மிச்சமிருந்த ஒன்று மட்டும் ஓரடிக்கு ஒருதரம் கீச்சிட்டது. கை நீட்டிய என்னைத் தாண்டி, உங்களையும் தாண்டிப் போய், கொட்டகைக்குப் பின்னால் ஓலை மூடியிருந்த குவியலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அவளை வாரி எடுத்தேன்.

“நல்ல வேளை கூப்ட்டீங்கக்கா” என்றேன்.

உங்கள் ஒரு கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. இன்னொரு கை முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்தியிருந்தது. அதை மெல்ல எடுத்தீர்கள்.

“நான் எங்க கூப்ட்டேன்? எனக்கு வாய் வரலியே” என்றீர்கள். பிறகு அந்தக் குழியைப் பார்த்து, “அன்னிக்கும் வரல, காலேஜு” என்றீர்கள்.

அவரிடம் கேட்டேன். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றார். நீங்கள்தான் கூப்பிட்டிருப்பீர்கள், கூப்பிட்டது உங்களுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். காலையிலும் சாயங்காலமும் அதை நம்ப முடிந்தது. உச்சி வேளையில் முடியவில்லை. அந்தக் குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள்.

மறுநாளே நீங்கள் அவளை அஞ்சலாட்சி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். “உன் மாமியார எப்டி அதட்டறேன் பாரு” என்று சிரிப்பீர்கள். அவள் முதலில் திரும்பவே இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன். ஒருமுறை வாயில் வந்துவிட்ட பெயர் இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆடி பிறப்பதற்குள் அவள் தன் பெயருக்குத் திரும்பினாள். அன்று நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் சீக்கிரமே போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

ஆவணியில் உங்களுக்குக் கண் மஞ்சளானது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்தபோது அவளைக் கட்டிலருகே கொண்டு வர வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். வாசலில் நின்றே கை ஆட்டினாள். நீங்கள் திரும்பி வரவில்லை.

பூட்டிய உங்கள் வீட்டை இன்னும் யாரும் குடிவரக் கேட்கவில்லை. பாப்பா பால்வாடிக்குப் போகிறாள். டீச்சர் கேட்டால் முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்கிறாள். மதியங்களில் தலையைச் சாய்ப்பதில்லை. போன வாரம் அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக, “ராஜி” என்று சொல்லிப் பார்த்தேன். கை நிற்கவில்லை. “யாரும்மா அது?” என்றாள்.

எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போதுதான், இனிமேல் அந்தப் பெயரைக் கூப்பிட ஆளே இல்லை என்பது உறைத்தது. நீங்களும் போய்விட்டீர்கள், இவளும் மறந்துவிட்டாள். அன்று பாத்தியில் என் குழந்தையைத் திருப்பி அனுப்பிய பெயர் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

அதனால் தினம் மத்தியானம் பாப்பா தூங்கிய பிறகு, வாசலில் நின்று உப்பளத்துப் பக்கம் பார்த்து ஒரே ஒரு முறை கூப்பிடுகிறேன். கத்துவதில்லை. சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான். “ராஜி, உங்கம்மா வந்துட்டாங்க, அவங்ககிட்ட போ” என்கிறேன். சொல்லிவிட்டு, அங்கே எதுவாவது திரும்புகிறதா என்று பார்க்காமல் உள்ளே வந்து, தூங்குகிறவளின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.